நாயின் தட்டில் ஒரு கரண்டி பூசணி

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசல்களில் இரண்டு கூட்டங்கள் சேரும். கம்பெனிப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நிற்கும் தொழிலாளர்கள் ஒருபுறம். அவர்கள் கையிலுள்ள பிஸ்கட் பாக்கெட்டையும் டிபன் பாக்ஸையும் பார்த்தபடி வாலாட்டி நிற்கும் நாய்கள் மறுபுறம். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போடுகிறார். தருமபுரிப் பக்கத்து அக்கா எலுமிச்சைச் சோற்றின் கடைசிப் பிடியை ஓரமாக வைக்கிறார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, தான் பெயர் வைத்து வளர்க்கும் கறுப்பனுக்கு டீக்கடை பன் வாங்கித் தருகிறார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்போடு இன்னொரு உயிரின் பசியை நினைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் அன்போடு போடுவதில் பெரும்பகுதி நாயின் உடம்புக்கு ஆகாதது. இதை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொன்னதில்லை.

பிஸ்கட்டில் இருப்பது மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும். சாம்பார் சோற்றில் உப்பு, மிளகாய், வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஒருநாள் சிறிது தின்றால் வெளியே ஒன்றும் தெரியாது; நாள்தோறும் தின்றால் ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். பிரியாணிக் கடைகள் பின்புறம் கொட்டும் வெந்த எலும்பு, மெல்லும்போது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மே, ஜூன் வந்துவிட்டால் இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னோர் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்: மாங்கொட்டை. மாங்கூழ் ஆலைகளும் மாங்காய் மண்டிகளும் நிறைந்த கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அந்த மாதங்களில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. சப்பிக்கொண்டிருந்த நாய் அதை முழுதாக விழுங்கிவிட்டால் குடல் அடைபடும். வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தெருநாய்க்கு அந்த அறுவையைச் செய்விக்க யார் இருக்கிறார்கள்?

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதற்கு வெகுமுன்பே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு என்று வாழும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அவர்களோடு லேப்ரடாரும் ஷிட்ஸுவும் கோல்டன் ரிட்ரீவரும் வந்திருக்கின்றன. அந்த வீடுகளில் இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு பூசணி. நாய்க்கு வயிறு சரியில்லையா, பூசணி கொடுங்கள், மலச்சிக்கலா, பூசணி, எடை கூடிவிட்டதா, அதற்கும் பூசணி. டப்பாவில் அடைத்த பூசணிக் கூழ் அமெரிக்க வீடுகளில் எப்போதும் அலமாரியில் இருப்பது. அங்கே நாய் வளர்ப்பவர்களிடம் தோன்றிய வழக்கம் இது. இங்கே அது பூசணிப் பொடியாகவும் பூசணி பிஸ்கட்டாகவும் செல்லப்பிராணிக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறது. அந்தக் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள உழவர் சந்தையில் அதே காயைக் கீற்றுப் போட்டு விற்கிறார்கள்.

நாய்க்குப் பூசணி நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். வேகவைத்து, உப்பு உறைப்பு இல்லாமல், அளவோடு கொடுத்தால். அடுக்குமாடி வீட்டில் அது சின்ன உதவி. ஆலை வாசலில் அதே கரண்டி பூசணியால் இன்னும் பெரிய காரியம் ஆகும் என்பது என் கருத்து. காரணம், ஓரிடத்தில், ஒரே நேரத்தில், எளிய உணவை ஒழுங்காக வைப்பவரிடம்தான் தெருநாய் பயமின்றி வந்து நிற்கும். தடுப்பூசி போடவும் கருத்தடைக்குப் பிடிக்கவும் அவர் இல்லாமல் முடியாது.

முதலில் காயைப் பற்றி. நான் சொல்வது மஞ்சள் பூசணியை: சென்னையில் பரங்கிக்காய், கொங்கு நாட்டில் அரசாணிக்காய், ஓசூர்க்காரர்களுக்குச் சர்க்கரைப் பூசணி. ஆயுத பூஜைக்கும் அமாவாசைக்கும் ஆலை வாசலிலும் லாரி முன்னாலும் உடைக்கிற வெள்ளைப் பூசணி வேறு இனம். அது ஆசியாவின் பழைய காய். மஞ்சள் பூசணியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. வெள்ளைப் பூசணியும் நாய்க்கு விஷமல்ல. ஆனால் திருஷ்டி கழித்து ரோட்டில் உடைத்த காயில் குங்குமமும் காசும் எரிந்த கற்பூரமும் கிடக்கும். கற்பூரம் நாய்க்குக் கொடிய நஞ்சு. இரவு ஷிப்டு முடிந்து பைக்கில் வருபவர் அதில் சறுக்கி விழுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. உடைத்த கையோடு ஓரமாக அள்ளிப் போட்டுவிட்டால் மனிதருக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

மஞ்சள் பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 26 கலோரிதான். அதே எடைச் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. அதன் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் திறன் நாய்க்கு உண்டு, பூனைக்கு இல்லை. பெக்டின் என்ற கரையும் நார் குடலில் நீரை உறிஞ்சிக் கூழாகிறது. இளகிப்போகும் மலம் கட்டிப்படுவதும், இறுகிய மலம் இளகுவதும் இந்த ஒரே குணத்தால்தான். அந்த நாரைப் பெருங்குடலின் நல்ல நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, குடல் சுவருக்கு ஊட்டமாகும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன.

நாய் புலால் உண்ணியாயிற்றே, காயைச் செரிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு நாயின் குடலும் மனிதரின் அடுப்பை ஒட்டியே மாறியது. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மரபணுவிலேயே காட்டினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை. கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகுக் களியையும் கூழையும் தின்று ஆட்டுப் பட்டி காத்தது இதனால்தான் முடிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பூசணியை மட்டும் எடுத்துக்கொண்டு நாய்களிடம் நடத்திய பெரிய மருத்துவ ஆய்வுகள் மிகக் குறைவு. கரையும் நார் பெருங்குடல் வயிற்றுப்போக்குக்கு உதவும் என்பதற்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், காரணம் கண்டுபிடிக்க முடியாத நீண்டகால வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட 37 நாய்களுக்கு எளிதில் செரிக்கும் உணவோடு இசப்கோல் சேர்த்துக் கொடுத்தார்கள், பெரும்பாலானவை தேறின. குஜராத்தில் விளைந்து நம் மருந்துக்கடைகளில் சின்ன டப்பாவில் கிடைக்கும் அதே இசப்கோல்தான். ஒரு தேக்கரண்டி இசப்கோல் தரும் நாரைப் பூசணியிலிருந்து பெற ஒரு கிண்ணம் மசியலாவது வேண்டும். நாள்பட்ட தொல்லை என்றால் கால்நடை மருத்துவர் இசப்கோலைத்தான் சொல்வார். பூசணிக்குள்ள சிறப்பு வேறு. அதை நாய் விரும்பித் தின்னும், தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும், விலை மலிவு, தவறாகக் கொடுத்தாலும் பெரிய கேடு வராது.

கொடுக்கும் முறையில் கஷ்டம் ஒன்றுமில்லை. தோல், காம்பு, விதை, நடுவிலுள்ள நார்ச்சடை நீக்கி, துண்டு போட்டு, வெறும் தண்ணீரிலோ ஆவியிலோ வேகவைத்து மசித்தால் போதும். சின்ன நாய்க்கு ஒரு தேக்கரண்டி. பதினைந்து இருபது கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி. லேப்ரடார் அளவு நாய்க்கு மூன்று நான்கு. முதல் நாள் அதில் பாதி கொடுத்து, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டலாம். முதன்மை உணவுக்கு வெளியே கொடுக்கும் எதுவும் ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. நாம் தின்ன வைத்த பரங்கிக் கூட்டிலும் புளிக்குழம்பிலும் இருந்து எடுத்துப் போடக் கூடாது. தாளிப்பும் வெங்காயமும் அதிலிருக்கின்றன. வெல்லம் போட்ட பூசணி அல்வாவும் வேண்டாம். கசக்கும் பூசணியை நாய்க்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் தின்னாதீர்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் குடலைப் புண்ணாக்கும். பூஞ்சை பிடித்து மண்டியில் ஒதுக்கிய காயும் அப்படியே. சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்குப் பூசணியிலுள்ள பொட்டாசியம் சிக்கலாகலாம். சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எடை கூடிய வீட்டு நாய்களுக்குத்தான் பூசணியின் பலன் பளிச்சென்று தெரியும். லேப்ரடார் ஏன் எப்போதும் பசித்தே திரிகிறது என்பதற்குக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு விடை கண்டார்கள். அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் பாதையில் மரபணுக் குறை இருக்கிறது. அந்த நாயைத் திட்டிப் பயனில்லை. அதன் சோற்றில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூசணி மசியலை வைத்தால் தட்டும் நிறையும், கலோரியும் குறையும். கருத்தடை செய்த நாய்க்கு உடம்பின் ஆற்றல் தேவை குறைந்துவிடுவதால் அதற்கும் இது பொருந்தும். அடுக்குமாடியில் பகலெல்லாம் சோபாவில் கிடக்கும் நாய்க்குப் பூசணியைவிட முக்கியம் காலை மாலை நடை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் பூசணியில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்தான். நம் ஊரில் நாய்க்குத் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் பூசணியையும் சேர்த்துவிட்டால் சத்துணவு ஆகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. உலர் எடையில் குறைந்தது 18 சதவீதமாவது புரதம் வேண்டும் என்பது வளர்ந்த நாய்க்கான அளவுகோல். குட்டிக்கு 22 சதவீதத்துக்கும் மேல். பக்கத்து நாமக்கல்லில் மலையாகக் குவியும் முட்டை இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். கேழ்வரகுக் களி அல்லது சோறு, அவித்த முட்டை அல்லது கோழி, இரண்டு கரண்டி பூசணி என்றால் நாட்டு நாய்க்கு அது நல்ல சாப்பாடு.

பூசணி விதை புழுவைக் கொல்லும் என்பது பாட்டி வைத்தியமாகவும் இணையப் பேச்சாகவும் சுற்றிவருகிறது. விதையில் குக்கர்பிட்டின் என்ற பொருள் உண்டு. மனிதரின் நாடாப்புழுவுக்கு அதைப் பயன்படுத்திய வரலாறும் உண்டு. தெருநாய்களை உருக்குவது பெரும்பாலும் கொக்கிப்புழு. குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும் அதற்கு விதை போதாது. எடைக்கேற்ற பைரண்டல், ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துதான் வேண்டும். அந்த மாத்திரையை மறைத்துக் கொடுக்கப் பூசணி மசியல் நல்ல உறை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இன்னொன்று. குட்டி ரத்தமாகக் கழிகிறது, வாந்தி எடுக்கிறது, சுருண்டு படுத்துவிட்டது. வீட்டிலுள்ளவர்கள் யாரோ சொல்லக் கேட்டுப் பூசணியும் தயிரும் ஊட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். அது பார்வோ வைரஸ். 1978இல் உலகெங்கும் பரவிய அந்த நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குட்டியைக் காப்பாற்றுவது உடனடியாக ஏற்றும் திரவமும் சிகிச்சையும். வராமல் தடுப்பது ஆறு எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை தவணை தவறாமல் போடும் தடுப்பூசி. வளர்ந்த நாய்க்குச் சுறுசுறுப்பு குறையாமல் லேசாக வயிறு கழிந்தால் ஒருநாள் பூசணியும் சோறும் கொடுத்துப் பார்க்கலாம். ரத்தம் கண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, குட்டியாக இருந்தாலோ ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது.

தெருநாய்க்கு வருகிறேன். 2025 ஜூலையில் பெங்களூரு மாநகராட்சி ஒரு திட்டத்தை அறிவித்தது. நாளொன்றுக்கு 5,000 தெருநாய்கள் வரை கோழிக்கறிச் சோறு பெறும். ஒரு வேளைக்கு 150 கிராம் கோழி, 100 கிராம் அரிசி, 100 கிராம் காய்கறி. ஆண்டுச் செலவு 2.88 கோடி ரூபாய். சாலையில் குழி கிடக்கும்போது நாய்க்குக் கறிச்சோறா என்று நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. என் வருத்தம் வேறு. அந்தச் சாப்பாட்டுப் பட்டியல் சத்துக் கணக்கில் சரியானது. ஆனால் 2023 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் தெருநாய்கள் 2.79 லட்சம். நூற்றில் இரண்டு நாய்க்குக்கூட எட்டாத சோற்றை மாநகராட்சி ஒப்பந்ததாரர் வழியே பரிமாறுவதைவிட, ஏற்கெனவே தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கும் ஆயிரமாயிரம் கைகளுக்கு எதை, எங்கே, எப்போது போடுவது என்று சொல்லிக்கொடுப்பது மலிவு, பலனும் அதிகம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆவது விதி, குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து விலகி உணவிடும் இடத்தை ஒதுக்கச் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் புழுநீக்கமும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டவை, கடிக்கும் மூர்க்கமுள்ளவை விதிவிலக்கு. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7 ஆணையில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. இந்த ஆணைகளில் எனக்கு முழு உடன்பாடு இல்லாத பகுதிகள் உண்டு. காப்பகங்களே இல்லாத ஊரில் அகற்றிய நாய் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லை. உணவிடும் இடம் ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

நாய்க்குப் பயந்தவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். வந்துவிட்டால் உயிர் பிழைக்க வழியில்லாத நோய் அது. அதிகாலை நான்கு மணிக்கு விடுதிக்குத் திரும்பும் ஆலைப் பெண்களையும், இரவு ஷிப்டு முடிந்து பைக்கில் போகிறவரையும் கூட்டமாகத் துரத்தும் நாய்களைப் பற்றி, ஏசி அறையிலிருந்து கருணை பேசுவது தவறு. கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும், தவணைகளை முழுதாக முடிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமியிலும் எழுதி ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

துரத்தும் நாய் பெரும்பாலும் பசித்த நாய், அல்லது குட்டி போட்ட நாய், அல்லது துணை தேடும் பருவத்து நாய். மூன்றுக்கும் மருந்து ஒழுங்கான உணவும் கருத்தடையும். பிடிக்க வருபவர்களுக்கு முன் நிற்கும் கஷ்டமோ எப்போதும் ஒன்றுதான்: நாய் அகப்படாது. வலையைக் கண்டால் காட்டுப்பக்கம் ஓடிவிடும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வந்து மடியில் தலையை வைக்கும். அவர் கையில் தட்டு இருக்கும்போது கால்நடை மருத்துவர் பின்னாலிருந்து ஊசி போட்டுவிடலாம். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி வருடக்கணக்கில் உழைத்த கோவா, 2021இல் நாட்டின் முதல் ரேபிஸ் கட்டுப்பாட்டு மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அங்கே தெருவாரியாக நாய்களை அடையாளம் கண்டு, பிடித்து, ஊசி போட்டு விட்டார்கள். ஓசூரில் அந்த அடையாளம் காணும் வேலையைச் செக்யூரிட்டிகளும் டீக்கடைக்காரர்களும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். எந்த கேட்டில் எத்தனை நாய், எது பெட்டை, எது புதிதாக வந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நாயை இப்படிப் பெயர் சொல்லி அறிவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு சேர்ந்து கள்ளரைக் கடித்து எதிர்த்த அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு மக்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அதன் உழைப்பை மதித்தார்கள். ஆலை மதிலைச் சுற்றி இரவெல்லாம் குரைத்துக் காவல் செய்யும் நாய்க்குச் சம்பளம் இல்லை. எச்சில் சோறும் கல்லடியும்தான்.

ஆகவே என் யோசனை இது. சிப்காட்டின் ஒவ்வொரு பெரிய ஆலையிலும் கேன்டீன் இருக்கிறது. மீதமாகும் குழம்புச் சோற்றைப் பின்பக்கம் கொட்டுவது நிற்க வேண்டும். எலிக்கும் பன்றிக்கும் நாய்ச் சண்டைக்கும் அதுதான் காரணம். அதற்குப் பதில், காலையில் சோறு வடிக்கும்போதே தாளிப்பும் உப்பும் சேராத ஒரு பங்கை எடுத்து, வேகவைத்த பூசணியும் இரண்டு மூன்று முட்டையும் பிசைந்து, கேட்டிலிருந்தும் பேருந்து நிற்கும் இடத்திலிருந்தும் விலகிய ஒரு மூலையில், ஷிப்டு மாறாத நேரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். செலவைப் பாருங்கள். நாட்டு நாய் ஒன்றுக்கு நாற்பது கிராம் பூசணி என்றால் ஐந்து கிலோ காயில் தோல், விதை போக ஏறத்தாழ தொண்ணூறு நாய்களின் ஒருநாள் பங்கு கிடைக்கும். ராயக்கோட்டைப் பக்கத்தில் விலை சரிந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் காட்சியை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்; பூசணிக்கும் அப்படி விற்காத நாட்கள் உண்டு. நல்ல பூசணி உடைபடாமல் நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. விவசாயியிடம் நேரே வாங்கி அடுக்கி வைக்கலாம்.

மனிதருக்கே காய்கறி கிடைக்காத நாட்டில் நாய்க்கு ஏன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடுதியில் தங்கிய ஒப்பந்தத் தொழிலாளியின் தட்டில் காய்கறி குறைவாக இருப்பது உண்மை. அதை ஆலை நிர்வாகம் முதலில் சரிசெய்யட்டும். அந்தத் தொழிலாளியைக் காலில் கடிக்காத நாய் வாசலில் இருப்பதும் அவர் நலத்தில் சேர்ந்ததுதான். கடிபட்டால் நாலு தவணை ஊசிக்கு நாலு நாள் கூலி போகிறது.

எல்லைப் பிரச்சினை ஒன்று பாக்கி இருக்கிறது. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே வண்டிகளுக்குத்தான் சோதனைச் சாவடி. நாய் ஒரே இரவில் இரண்டு மாநிலத்திலும் இரை தேடும். வாடகை வீடு மாறும்போது வளர்த்த நாயைக் காரில் ஏற்றி எல்லை தாண்டி இறக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஓசூர் மாநகராட்சி தன் பக்கம் கருத்தடை செய்து முடித்தாலும், ஆனேக்கல் தாலுகாவில் செய்யாவிட்டால் காலியான இடத்துக்கு அந்தப் பக்கத்து நாய் வந்துவிடும்; அவர்களுக்கும் நம்மால் அதே கதிதான். காவிரி நீருக்கு ஆணையம் வைத்துப் பேசும் இரண்டு அரசுகள், ஜிகணி முதல் சூளகிரி வரையுள்ள தொழிற்பகுதி முழுவதற்கும் ஒரே வாரத்தில் நாய்த் தடுப்பூசி போடுவதற்கு ஒரு கூட்டம் போட முடியாதா? செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அந்த வாரத்தையே வைத்துக்கொள்ளலாம். உழைக்கும் ஆட்களுக்கும் குறைவில்லை. 1824இல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணை ஓசூரின் மடியிலேயே இருக்கிறது. கால்நடைப் பராமரிப்புத் துறையின் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

பணத்துக்கும் வழி உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, லாபம் ஐந்து கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் விலங்கு நலமும் இருக்கிறது. ஓசூரில் அந்த வரம்புக்குள் வரும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணி முடியாது. கருத்தடை மையம் ஒன்று, அறுவைக்குப் பின் நாய்களை வைத்திருக்கக் கூண்டுகள், ஒரு வாகனம், இரண்டு மருத்துவர்கள் என்றால் அவர்கள் சேர்ந்து போடும் பங்கில் அது பெரிய தொகை ஆகாது. கிருஷ்ணகிரி ஆட்சியர் இதற்கென ஒரு கூட்டத்தைக் கூட்டட்டும். ஆனேக்கல் அதிகாரிகளையும் அழைக்கட்டும். நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளோடு கேன்டீன் ஒப்பந்ததாரர்களும் அதில் உட்கார வேண்டும், ஏனென்றால் தாளிப்புக்கு முன் நாயின் பங்கைத் தனியே எடுத்துவைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.